அந்த ரஷ்யன் எங்கே போனான்?

காலையில் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரத்தில் இறங்கும் எம்மைப் போன்றோருக்கு இலக்கிய விவாதத்திற்கென்று தனியே கூட்டம் கூட்ட வேண்டிய தேவை இல்லை. பெட்டியே சபை. கடலூர்த் துறைமுகம் சந்திப்பைத் தாண்டுவதற்குள் அரசியல் முடிந்துவிடும். ஆலப்பாக்கத்தில் விலைவாசி. புதுச்சத்திரம் வந்ததும் சினிமாவும் தொலைக்காட்சியும் ஆரம்பம். பரங்கிப்பேட்டைக்கு அப்பால் வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் வண்டி ஊர்கையில் யாரோ ஒருவர் தீர்ப்பு வழங்கிவிடுவார், கிள்ளையில் மேல்முறையீடு.

சென்ற வாரம் அச்சபையில் விசாரணைக்கு வந்தது ‘சூது கவ்வும்’. வங்கியில் பணிபுரியும் நண்பர் அப்படத்தைத் தம் வீட்டுத் தொலைக்காட்சியில் மறுபடியும் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு நில்லாமல் ஒரு பட்டியலும் கொண்டுவந்திருந்தார். “மொத்தம் ஏழு லாஜிக் ஓட்டை சார்” என்றார், கணக்கு முடிக்கும் நாளில் விடுபட்ட வவுச்சர்களைப் பிடித்துவிட்டவரின் பெருமிதத்தோடு. ஆளைக் கடத்திச் சிறு தொகை வாங்கிக்கொண்டு விடுவிக்கிறானே தாஸ், பணம் கொடுத்தவர்களில் ஒருவர்கூடவா போலீசுக்குப் போகவில்லை? கைபேசி எண்ணை வைத்துப் பிடித்துவிட மாட்டார்களா? இல்லாத பெண்ணோடு பேசிக்கொண்டு திரியும் ஒருவனை நம்பி மூன்று இளைஞர்கள் எப்படித் தொழிலில் சேருவார்கள்? அந்தப் பெண் கற்பனை என்றால், கடைசியில் அதே முகத்தோடு ஒருத்தி நிஜமாகவே வருகிறாளே, அவள் யார்? தன் கடத்தலுக்குத் தானே ஏற்பாடு செய்துகொண்டவன் எப்படிப் பதவிக்கு உயர முடியும்?

இந்தக் கடைசிக் கேள்வியில் பெட்டி சிரித்துவிட்டது. நண்பருக்கு மட்டும் காரணம் புரியவில்லை. அவர் உண்மையிலேயே அதை ஓர் ஓட்டை என்றுதான் எண்ணியிருந்தார்.

நாம் எழுத வந்தது அந்தச் சிரிப்பைப் பற்றித்தான். நண்பரைப் பகடி செய்வது நோக்கமன்று. அவர் தனி மனிதரும் அல்லர். இன்று படம் பார்ப்போரில் படித்தவர்கள் என்று தம்மைக் கருதிக்கொள்வோர் பெரும்பாலும் இந்தப் பட்டியலைத்தான் விமரிசனம் என்று நம்புகிறார்கள். ‘லாஜிக் இடிக்கிறது’ என்ற இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டால் போதும், ஒரு படைப்பைப் பார்த்தாயிற்று, மதிப்பிட்டாயிற்று, தூக்கி எறிந்தும் ஆயிற்று. அதிலும் கறுப்பு நகைச்சுவை எனப்படும் வகை இவர்களிடம் படும் பாடு கொஞ்சநஞ்சமன்று.

நிற்க. இதே நண்பர்கள் மாலையில் வீடு திரும்பி எதைப் பார்க்கிறார்கள்? தொடர்கள். கதாநாயகியின் மாமனார் திங்கட்கிழமை ஒரு முகத்தோடு வருகிறார். செவ்வாய்க்கிழமை வேறொரு முகம். திரையின் அடியில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி ஓடுகிறது. அவ்வளவுதான். வீட்டில் யாரும் வெகுண்டெழுவதில்லை. இரண்டு நாளில் புதிய மாமனார் பழகிவிடுகிறார். மாடிப்படியில் உருண்டு விழுந்தவள் நினைவிழக்கிறாள், இன்னொரு முறை உருண்டு நினைவு பெறுகிறாள். ஏழெட்டு மாதத்துக்கு முன் வெளிநாடு போன தம்பியைப் பற்றிக் குடும்பத்தில் எவரும் பேசுவதே இல்லை. இவற்றையெல்லாம் அமைதியாக ஏற்கும் மனம் ‘சூது கவ்வும்’ படத்தில் மட்டும் கைபேசிக் கோபுரத்தின் எல்லையை அளக்கப் புறப்படுவது ஏன்? தர்க்கத்தின் மீதுள்ள பற்று காரணம் என்றால் அது மாலை ஏழு மணிக்கும் இருந்திருக்க வேண்டுமே.

எமக்குத் தோன்றும் காரணம் இது. தொடரில் உள்ள ஓட்டை யாரையும் ஒன்றும் செய்வதில்லை. கெட்டவள் கெடுவாள், நல்லவள் அழுதாலும் வெல்வாள் என்ற உறுதிமொழி அங்கே கெட்டியாக இருக்கிறது. அது இருக்கும்வரை முகம் மாறினால் என்ன, ஆண்டு மாறினால் என்ன? கறுப்பு நகைச்சுவை அந்த உறுதிமொழியைத் தர மறுக்கிறது. நேர்மையான அமைச்சர் ஒதுக்கப்படுகிறார், திருட்டுப் பிள்ளை மேலே போகிறான், நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்தபின் ஏன் சிரித்தோம் என்று நெஞ்சில் ஏதோ குத்துகிறது. அந்தக் குத்தலிலிருந்து தப்பிக்க மிக எளிய வழி, ‘இது நடக்கவே முடியாது சார், லாஜிக் இல்லை’ என்பது. பட்டியல் போடுவது பெரும்பாலும் தற்காப்பு.

அப்படத்தின் தலைப்பையே பாருங்கள். 2013இல் நலன் குமரசாமி தம் முதல் படத்துக்கு வைத்த அந்த இரண்டு சொற்கள் பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்திலிருந்து வந்தவை. தருமம் மறுபடி வெல்லும் என்று பாரதி கூட்டிச் சொன்னதைத் தலைப்பு விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவருக்கும் விடுபட்ட பகுதி தெரியும். தெரிந்ததை வேண்டுமென்றே சொல்லாமல் விடுவதற்கு ஓட்டை என்று பெயர் வைப்பீர்களா? கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில், சில நிமிடங்களுக்குள் ஒரு கதையைச் சொல்லி முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் குறும்படங்கள் எடுத்துப் பழகிவந்தவர் அவர். எதை விடுவது என்பதை அப்படிப்பட்ட பள்ளியில்தான் கற்க முடியும்.

எம் துறையைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர், அதே பெட்டியில், நன்னூலைத் துணைக்கழைத்தார். பத்துக் குற்றங்கள் சொல்லப்பட்டிருக்கின்றனவே, மாறுகொளக் கூறல் குற்றமில்லையா, சென்று தேய்ந்திறுதல் குற்றமில்லையா என்றார். நல்ல கேள்வி. தொலைக்காட்சித் தொடர் என்ற ஒன்று வருமென்று பவணந்தியார் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். ஆனால் ‘சென்று தேய்ந்திறுதல்’ என்பதைவிடப் பொருத்தமான விமரிசனச் சொல் அதற்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனாலும் ஐயா, அந்தப் பத்தும் இலக்கணம், சாத்திரம் முதலான நூலுக்குச் சொல்லப்பட்டவை. கதைக்கு அல்ல. அந்த நூலுக்கே உரிய முப்பத்திரண்டு உத்திகளில் கடைசியாக நிற்பது எது? உய்த்துணர வைப்பு. படிப்பவன் தானே உணரட்டும் என்று விட்டுவைப்பது இலக்கண நூலுக்கே உத்தியாகும்போது, கதை மட்டும் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்துக் கையில் கொடுக்க வேண்டுமா? மூத்தவர் சற்றே புன்னகைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒப்புக்கொண்டார் என்று அதற்குப் பொருளில்லை.

இந்த நோய் தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் எச்.பி.ஓ. தொலைக்காட்சி 1999 முதல் 2007 வரை ஒளிபரப்பிய ‘த சொப்ரானோஸ்’ தொடரை நம் வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நியூ ஜெர்சியில் மாஃபியா தலைவன் ஒருவன் மனநல மருத்துவரிடம் போகிறான் என்பதுதான் அடிப்படை. கொலையும் சாப்பாடும் சிரிப்பும் அதில் ஒரே மேசையில் பரிமாறப்படும். 2001 மே மாதம் வந்த ‘பைன் பேரன்ஸ்’ என்ற பகுதியில் பாலி, கிறிஸ்டோபர் என்ற இரண்டு அடியாட்கள் ஒரு ரஷ்யனிடம் பணம் வசூலிக்கப் போகிறார்கள். தொலைக்காட்சி ரிமோட்டை வைத்து ஒரு அற்பத் தகராறு மூள்கிறது. ரஷ்யன் செத்துவிட்டான் என்று எண்ணிக் காரின் பின்பெட்டியில் போட்டுப் பனிக்காட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். திறந்து பார்த்தால் உயிரோடு இருக்கிறான். அவனையே குழி வெட்டச் சொல்கிறார்கள். அவன் மண்வாரியால் அடித்துவிட்டு ஓடுகிறான். சுடுகிறார்கள், குண்டு பட்டதுபோல் இருக்கிறது, ஆள் இல்லை. அதன்பின் அந்தப் பகுதி முழுவதும் இரண்டு கொலைகாரர்கள் குளிரில் வழி தவறி, ஒருவன் காலணியை இழந்து, தக்காளிச் சாறுப் பொட்டலத்தைப் பங்கிட்டுக்கொண்டு நடுங்குவதைத்தான் காண்கிறோம். கைபேசியில் தலைவன் ஏதோ சொல்கிறான். அந்த ரஷ்யன் உள்துறை அமைச்சகத்தில் இருந்தவன், செச்சென் போராளிகள் பதினாறு பேரைக் கொன்றவன் என்று. இரைச்சலில் பாலிக்குக் கேட்பது வேறு: பதினாறு செக்கோஸ்லோவாக்கியர்களைக் கொன்றவன், வீட்டு உள் அலங்காரம் செய்பவன். ‘அவன் வீடு அப்படி ஒன்றும் அலங்காரமாக இல்லையே’ என்று வியக்கிறான் கிறிஸ்டோபர்.

அந்த ரஷ்யன் அதன்பின் தொடரில் வரவே இல்லை.

பார்வையாளர்கள் விட்டார்களா? அவன் செத்தானா, திரும்பி வந்து பழிவாங்குவானா, ரஷ்யக் குழு போர் தொடுக்குமா என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தொடரை உருவாக்கிய டேவிட் சேஸுக்கு இக்கேள்வி அலுத்தே போயிற்று. பிறகு 2007 ஜூன் 10 அன்று இறுதிப் பகுதி வந்தது. ஓர் உணவகம், வெங்காய வளையங்கள், காரை நிறுத்தத் திணறும் மகள், கதவு திறக்கும் ஓசை, தலைவன் நிமிர்கிறான், திரை கறுத்துவிடுகிறது. கேபிள் அறுந்துவிட்டது என்றே பலர் எண்ணினார்கள். (2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரை கடந்தபின் வாரக்கணக்கில் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கடலூர்க்காரர்களாகிய நாம் இதில் கொஞ்சம் அனுபவசாலிகள்.) செத்தானா, பிழைத்தானா என்ற வாதம் இன்னும் தீரவில்லை.

ரஷ்யனைத் தேடுவோர் தவறவிடுவது எதை? எளிதாக ஓர் உயிரை எடுத்துவிடலாம் என்று போன இருவர் அன்றைக்கு முதன்முறையாகத் தம் உயிரின் விலையை அறிகிறார்கள். அந்த ஆள் மரத்தின் பின்னால் நிற்கிறானா, இல்லையா என்று தெரியாததுதான் அவர்களுடைய அச்சம். ரஷ்யனின் சடலத்தைக் கண்டெடுத்துக் காட்டிவிட்டால் அது இன்னொரு கொலைக் கதை. காட்டாமல் விட்டதால் அவன் எல்லாப் பகுதிகளிலும், ஒவ்வொரு சன்னலுக்கு வெளியிலும் நிற்கிறான்.

இந்த இடத்தில் எமக்கு ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவோம். அது நியாயமானதும்கூட. ‘உங்கள் இலக்கியக் கூட்டத்தார் எந்தச் சோம்பேறித்தனத்தையும் குறியீடு என்று சொல்லிக் காப்பாற்றிவிடுவீர்களே, எழுதத் தெரியாதவனுக்கெல்லாம் பின்நவீனத்துவம் என்று சான்றிதழ் கொடுத்தது நீங்கள்தானே?’ ஆம், கொடுத்தோம். சிறுபத்திரிகைகளில் அத்தகைய சான்றிதழ்களில் நாமும் கையொப்பமிட்டிருக்கிறோம். இப்போது எடுத்துப் படித்தால் நாணமாக இருக்கிறது. முடிக்கத் தெரியாமல் விட்டதும் முடிக்க மறுத்து விட்டதும் ஒன்றல்ல. வேறுபாட்டை அறிவது கடினமும் அல்ல. ஓட்டையை நீங்களே அடைத்துப் பாருங்கள். தாஸிடம் பணம் கொடுத்தவர்கள் ஏன் போலீசுக்குப் போகவில்லை? தொகை சிறியது, மானம் பெரியது என்று ஒரு வசனம் வைத்தால் ஓட்டை அடைபட்டது. படம் மாறிற்றா? இல்லை. எனவே அது ஓட்டையானாலும் கொசு நுழையும் அளவுதான். இப்போது தாஸின் ஷாலுவை அடைத்துப் பாருங்கள். அவனை மருத்துவரிடம் அழைத்துப்போய், நோய்க்குப் பெயர் சொல்லி, மாத்திரை கொடுத்து, கடைசியில் வருபவள் ஷாலு அல்லள் என்று யாராவது அவனுக்கு விளக்கிவிட்டால்? படமே போயிற்று. வேலை போன மூன்று பேர் இல்லாத பெண்ணை இருப்பதாக ஒப்புக்கொண்டு அவனோடு வண்டியில் ஏறுவதில்தான் அவர்களுடைய நிலைமை முழுவதும் இருக்கிறது. பசித்தவன் முதலாளியின் பிரமையைக் கேள்வி கேட்பதில்லை. வங்கி நண்பரே, நம் அலுவலகங்களில் நாம் கேட்கிறோமா?

துப்பறியும் கதையோ எனில் வேறு. அங்கே எழுதுபவன் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டுத்தான் தொடங்குகிறான். நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ வந்த நாட்களில், குதிரையில் வருவது கருப்பசாமியா, மனிதனா என்று கேட்டுக்கொண்டு வாரம் முழுவதும் காத்திருந்தோம். பதில் வராமல் போயிருந்தால் ஏமாற்றப்பட்டோம் என்று கத்தும் உரிமை நமக்கு இருந்தது. அதே இயக்குநரின் ‘சிதம்பர ரகசியம்’ எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கி வந்தது. மர்மத்துக்கு விடை கேட்ட பார்வையாளர் தவறு செய்யவில்லை. நம் ரசிகருடைய பிழை, அந்தக் கடன் பத்திரத்தையே எடுத்துக்கொண்டு கடன் வாங்காதவன் வீட்டுக் கதவைத் தட்டுவது.

ஊரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. சிதம்பரத்துக்காரன் திரையை விலக்கினால் பொன் வில்வ மாலைக்குப் பின்னே வெட்டவெளி என்ற செய்தியை இந்த இடத்தில் எடுத்துவிடாமல் இருப்பானா என்று வாசகர் எதிர்பார்த்திருக்கலாம். எடுத்துவிடவில்லை. தத்துவத்தைக் காட்டித் தப்பிப்பது எளிது. ஓட்டை எண்ணுவோர் அதற்கு மயங்கவும் மாட்டார்கள். தெருக்கூத்தைப் பற்றிச் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள்.

பழைய தென்னார்க்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். துகில் உரியும் இரவில் சிரிப்பு உண்டு என்று சென்னை நண்பர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். உண்டு. கட்டியக்காரன் இருக்கிறானே. மன்னனுக்குக் கட்டியம் கூறுபவன் அவன். அதே வாயால் மன்னனை நக்கல் செய்பவனும் அவன். துரியோதனன் சபையில் நின்றுகொண்டு ஊர்த் தலைவரின் கடன் பாக்கியையும் பேருந்துக் கட்டணத்தையும் பேசுவான். காலம் இடிக்கிறது, இடம் இடிக்கிறது, எல்லாமே இடிக்கிறது. கூட்டம் சிரிக்கிறது. ஐந்து பேர் இருந்தும் ஒருத்தியைக் காக்க முடியவில்லையா என்று அவன் கேட்கிறபோதும் சிரிக்கிறது. அடுத்த கணம் திரௌபதி வேடக்காரர் குரலெடுத்ததும் சிரித்த அதே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கண் துடைப்பதற்குக் கட்டியக்காரனின் சிரிப்பே வழி செய்து கொடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. சிறுவயதில் அது புரியவில்லை. அவன் ஏன் அந்த நேரத்தில் உளறுகிறான் என்று கோபம்தான் வந்தது.

அந்தச் சபையில் ஒரு லாஜிக் கேள்வியும் எழுகிறது. எழுப்புபவள் பாஞ்சாலியே. தன்னை முதலில் தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? பாரதம் முழுவதிலும் இதைவிடக் கூர்மையாக ஓட்டையைச் சுட்டிய கேள்வி இல்லை. அதற்கு யார் விடை சொன்னார்? பீஷ்மரே தருமத்தின் போக்கு நுட்பமானது என்று சொல்லிக் கைவிரித்தார். துகில் வளர்ந்தது, போர் வந்தது, பதினெட்டு நாள் இரத்தம் ஓடியது, படுகளத்தில் களிமண்ணால் துரியோதனனைக் கிடத்தி இன்றும் நம் ஊர்களில் அவன் தொடையைப் பிளந்தாகிறது. கேள்விக்கு விடை வரவில்லை. பாஞ்சாலி எழுப்பிய கேள்வியும் நண்பரின் ஏழு கேள்விகளும் ஒரே இனம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். அவள் கேட்டது சபையைக் கூச வைத்தது. நண்பர் கேட்பது அவரை நிம்மதியாகத் தூங்க வைக்கிறது.

ஓட்டையைக் கேட்காதீர்கள் என்று நாம் சொல்வதாக யாரும் திரித்துக்கொண்டுவிடக் கூடாது. தமிழ்ச் சிறுகதையின் ஒரு சிகரம் ஓட்டையைக் கண்டதனால் பிறந்தது. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் இராமாயணத்தில் கண்ட ஓட்டை: அகலிகைக்குக் கருணை காட்டியவன் சீதைக்குத் தீயைக் காட்டலாமா? கதாபாத்திரம் முன்னுக்குப் பின் முரண் என்று பட்டியலில் ஒரு எண் போட்டுவிட்டு அவர் போகவில்லை. சீதையின் வாயால் அச்செய்தியை அகலிகையைக் கேட்க வைத்தார். ‘சாப விமோசனம்’ எழுந்தது. அகலிகை மறுபடி கல்லானாள். அதே மனிதர் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எழுதியபோது தாம் ஒரு ஓட்டையையும் அடைக்கவில்லை. கடவுள் சென்னைக்கு எப்படி வந்தார், எந்த வழியாக? செலவுக்கு அவருக்கு ரூபாய் நோட்டு எங்கிருந்து? விளக்கம் கிடையாது. ஆடவல்லானே நேரில் வந்து ஆடிக் காட்டியும் கலை விற்பன்னர்கள் சாத்திரத்தைக் கொண்டு அளந்து தள்ளிவிடுகிறார்கள். லாஜிக் ரசிகர்களை அவர் அப்போதே பார்த்துவிட்டார் போலும்.

மஞ்சக்குப்பத்துக்காரரான ஜெயகாந்தனையும் விட்டுவிட முடியாது. 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளியானதும் அந்தத் தாய் மகள் தலையில் நீரை ஊற்றிவிட்டு ஊருக்குச் சொல்லாமல் மறைத்தது சரியா என்று தமிழ்நாடே வாதிட்டது. ஜெயகாந்தன் விளக்கக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சரி, அந்தத் தாய் அலறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அதற்கு. வாசகர் கேட்ட கேள்வியில் ஒரு நாவலுக்கான இடம் இருந்தது. கைபேசிக் கோபுரத்தை வைத்து எழுதப்போகும் நாவல் எது?

இவ்வளவும் சொன்னபின் பெட்டியில் இருந்த இளைய ஆசிரியர் ஒருவர், “பசங்களை இப்படி ஆக்கினது நாமதானே சார்?” என்று கேட்டார். வண்டி கிள்ளையில் நின்றிருந்தது. பதில் சொல்லாமல் இருந்துவிட்டோம். இங்கே சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் உள்மதிப்பீட்டுத் தேர்வு ஒன்றில் ‘சாப விமோசனம் மரபை மறுவாசிப்புச் செய்யும் பாங்கை விளக்குக’ என்று பத்து மதிப்பெண் வினா கேட்டிருந்தோம். விடைக் குறிப்பும் நாமே தயாரித்தது. தொன்மம், முரண், பெண்ணிய நோக்கு, நடை, முடிவு என்று தலைப்புக்கு இரண்டு மதிப்பெண். வழிகாட்டி நூல்களில் உள்ளதும் அதுவே. ஒரு மாணவி, சிதம்பரத்துக்கு அப்பால் கொள்ளிடக் கரைக் கிராமத்திலிருந்து வருபவள், ஐந்தில் இரண்டு தலைப்புகளை மட்டும் எழுதிவிட்டு மீதிப் பக்கத்தில் தன் கேள்வியை எழுதியிருந்தாள். இரண்டாம் முறை கல்லானவளை மீட்க இராமன் மறுபடி வருவானா? வந்தால் இந்த முறை அவன் காலடிக்கு அந்த ஆற்றல் இருக்குமா? அகலிகை எழ விரும்புவாளா? அடுத்த வரியில், எங்கள் தெருவில் ஒரு அத்தை இருக்கிறார், அவர் பல வருடமாக யாரோடும் பேசுவதில்லை, எல்லாரும் அவருக்குப் பைத்தியம் என்கிறார்கள், இந்தக் கதையைப் படித்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை என்று எழுதியிருந்தாள்.

ஓரத்தில் சிவப்பு மையால் ‘வினாவுக்குப் புறம்பானது’ என்று குறித்துப் பத்துக்கு நான்கு போட்டோம்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று வகுப்பு முடிந்தபின் அவள் மேசைக்கு வந்து நின்றாள். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. “ஐயா, அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. பதில் கதையில் இல்லை, எனவே தேர்வுக்கு அது வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவள் ‘சரிங்க ஐயா’ என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு எழுதிய தேர்வுகளில் ஐந்து தலைப்புகளையும் வரிசையாக, அடிக்கோடிட்டு எழுதினாள். நல்ல மதிப்பெண்களும் பெற்றாள்.